டம்ளர் வியர்க்கும் ஊரில் லேசர் ட்யூபைக் குளிர்விப்பது எப்படி

வீட்டிலேயே லேசர் கட்டர் கட்டுகிறவர்கள் கையில் கிடைக்கும் குறிப்பேடுகள் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் சொல்லும்: ட்யூபுக்குப் போகும் தண்ணீர் 18 முதல் 20 டிகிரி இருக்கட்டும். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஏசி இல்லாத அறையில் அந்த எண்ணை அப்படியே வைத்தால், குளிர்விக்கத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே ட்யூபைக் கெடுத்துவிடுவோம். கடற்காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் முத்துமுத்தாக இறங்கிவிடும். அதனால் வடசென்னையில் தண்ணீர் வேலை என்பது இரண்டு கோடுகளுக்கு நடுவில் நடப்பது. மேலே சூட்டுக் கோடு, கீழே ஈரக் கோடு. ஏசி இல்லாத அறையில் இரண்டுக்கும் இடைவெளி மூன்று நான்கு டிகிரிதான்.

இங்கே சொல்வதெல்லாம் 40 முதல் 80 வாட் வரையிலான கார்பன் டை ஆக்சைடு கண்ணாடி ட்யூபுகளுக்கு. உள்ளேயிருக்கும் வாயுவில் மின்சாரம் பாய்ந்து ஒளி பிறக்கும், சுற்றியுள்ள கண்ணாடி உறையில் தண்ணீர் ஓடும்.

எவ்வளவு சூடு இறங்குகிறது

40 வாட் ட்யூபில் 18 மில்லி ஆம்பியர் ஓடும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே சுமார் 16,000 வோல்ட் நிற்கும். பெருக்கினால் ஏறத்தாழ 290 வாட். அதில் 40 வாட் ஒளியாக வெளியே போகிறது, மிச்சம் 250 வாட் தண்ணீரில் இறங்குகிறது. பம்ப் மோட்டாரின் சூட்டையும் அறைச் சூட்டையும் சேர்த்து 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 வாட் ட்யூபுக்கு 600 என்று வைத்தால் போதும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல் வேண்டும். 20 லிட்டர் பக்கெட்டுக்கு 84 கிலோஜூல். 300 வாட் தொடர்ந்து இறங்கினால் 280 வினாடியில், அதாவது ஐந்து நிமிடத்துக்குள் ஒரு டிகிரி ஏறிவிடும். வேலையில் பாதி நேரம்தான் லேசர் எரிகிறது என்றாலும் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு டிகிரி. காலையில் 27இல் ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் 30ஐத் தொட்டுவிடும். சித்திரை, வைகாசியில் அறைக்குள் இருக்கும் தண்ணீரே 30ஐத் தாண்டியிருக்கும். அந்த நாட்களில் வெறும் பக்கெட்டை வைத்து ஒரு பெயர்ப்பலகைகூட வெட்டாதீர்கள்.

30 என்பது ஏன் எல்லை? வாயு சூடாகும்போது, ஒளியை உமிழ்ந்துவிட்டுக் கீழ்நிலைக்கு வரும் மூலக்கூறுகள் அங்கேயே தேங்கிப்போகும். அதே மின்னோட்டத்துக்குக் கிடைக்கும் ஒளி குறையும். காலையில் 3 மிமீ அக்ரிலிக் அறுபட்ட அதே வேகத்தில் மதியம் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். அப்போது எல்லோருடைய கையும் கரண்ட் குமிழைத்தான் திருகப் போகும். திருகினால் சூடு இன்னும் ஏறும், ஒளி இன்னும் குறையும், வாயு சீக்கிரம் கெடும். லென்ஸைச் சந்தேகப்படும் முன், கரண்டைத் தொடும் முன், தண்ணீர் எத்தனை டிகிரி என்று பாருங்கள்.

ஈரக் கோடு

எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்கும். டம்ளர் எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் வியர்க்கத் தொடங்குகிறதோ, அதைப் பாடப்புத்தகம் பனிநிலை என்கிறது. அது ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது ஒரு கைக்கணக்கு நன்றாகவே பொருந்தும்: நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வருவதை அறை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். அறை 30 டிகிரி, ஈரப்பதம் 75 என்றால் பனிநிலை 25.

நம் பகுதியில் இந்த எண் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஐப்பசி மழையில் அறை 28 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால் பனிநிலை 25. கத்திரி வெயிலில் 35 டிகிரி, 55 சதவீதம் என்றாலும் அதே 25 பக்கம்தான். வெயில் காலத்தில் காற்று உலர்ந்திருக்கும் என்ற நினைப்பு உள்மாவட்டங்களுக்குப் பொருந்தும். இங்கே மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் ஈரம் ஏறிவிடும். தை மாதக் காலையில் 23 டிகிரி, 80 சதவீதம் இருந்தால் 19க்கு இறங்கும். ஏசி ஓடும் அறையில் 26 டிகிரி, 50 சதவீதம் என்றால் பனிநிலை 15, 16தான்.

ஆகவே ஏசி இல்லாத அறையில் 18 டிகிரித் தண்ணீரை ஓட்டினால், ட்யூப் பனிநிலைக்கு ஏழு டிகிரி கீழே நிற்கிறது. ஈரம் இரண்டு இடங்களில் கொல்லும். முதலாவது, ஒளி வெளியேறும் முனையிலுள்ள கண்ணாடி. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் ஒளியைத் தண்ணீர் அப்படியே விழுங்கிவிடும். கண்ணாடி மேல் ஒரு மெல்லிய ஈரப் படலம் இருந்தால் அந்த இடம் சட்டென்று சூடேறி மேல்பூச்சு கருகும். கருகிய கண்ணாடியைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, ட்யூபையே மாற்ற வேண்டும். இரண்டாவது, உயர் மின்னழுத்தம் வரும் பின்முனை. ஈரத்தோடு கடலோர உப்பும் அக்ரிலிக் புகையின் படிவும் சேர்ந்தால் அந்தப் பரப்பில் மின்சாரம் நகரும். முதலில் ‘டிக் டிக்’ என்று சத்தம், பிறகு நீலப் பொறி, கடைசியில் பவர் சப்ளை போய்விடும்.

ஈரப்பதமானி வாங்கும் வரை டம்ளரே கருவி. சுத்தமான, உலர்ந்த டம்ளரை மெஷின் பக்கத்தில் வையுங்கள். பாதி அளவு சாதாரணத் தண்ணீர் ஊற்றி, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே விடுங்கள். சின்ன ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள், ஒன்று கரைந்த பிறகே அடுத்தது. வெளிப்பக்கத்தில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெரிய ஆரம்பித்தால் மங்கல் படிந்துவிட்டது என்று பொருள். அந்த நொடியில் தெர்மாமீட்டர் காட்டுவதுதான் இன்றைய பனிநிலை. ஐந்து நிமிட வேலை. மலிவான ஈரப்பதமானிகள் ஐந்து சதவீதம் வரை தப்பாகக் காட்டும், டம்ளர் தப்பாகக் காட்டாது.

தண்ணீரை அந்த எண்ணைவிட ஒன்றரை டிகிரி மேலே வையுங்கள். ஏசி இல்லாத அறையில் வருடத்தின் பெரும்பகுதிக்கு அது 26 முதல் 27 டிகிரி. அந்தச் சூட்டில் ட்யூபை முழுக் கரண்டில் ஓட்டக் கூடாது. 18 மில்லி ஆம்பியர் தாங்கும் 40 வாட் ட்யூபை 14க்கு மேல் போகவிடாமல், வேகத்தைக் குறைத்து வெட்டுங்கள். 18 முதல் 20 டிகிரித் தண்ணீர்தான் வேண்டும் என்றால் முதலில் அறையை உலர்த்த வேண்டும், அதாவது ஏசி போட்டுக் கதவைச் சாத்த வேண்டும். வாரத்தில் நான்கைந்து நாள் வேலை ஓடும் இடத்தில், பெரிய சில்லர் (கம்ப்ரஸர் வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கும் பெட்டி) வாங்கும் பணத்தைச் சிறிய ஏசியில் போடுவது புத்திசாலித்தனம்.

என்ன தண்ணீர்

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர், அதாவது அயனி நீக்கிய தண்ணீர். வேறு எதுவும் வேண்டாம். மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீரில் கடல் உப்பு ஏறியிருப்பது ஊரறிந்தது. மெட்ரோ வாட்டரில் குளோரினும் உப்பும் உண்டு. 20 லிட்டர் கேன் தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் அதிலும் மின்சாரம் கடத்தும் அளவுக்கு உப்பு இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பிடித்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை ட்யூபுக்கு எடுக்காதீர்கள். கூலிங் காயிலின் தூசியும் பூஞ்சையும் அதில் கழுவிக்கொண்டு வந்திருக்கும்.

உப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? ட்யூபுக்குள் பாயும் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது மெல்லிய கண்ணாடிச் சுவர் ஒன்றுதான். தண்ணீர் மின்சாரம் கடத்தினால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு எர்த் தகடு வைத்தது போலாகிவிடும். மின்னோட்டம் துடிக்கும், பக்கெட்டில் கை வைத்தால் சுருக்கென்று அடிக்கும். நாளடைவில் பின்முனை அருகே கண்ணாடியில் ஊசித்துளை விழவும் வாய்ப்பு உண்டு.

ஆர்ஓ மெக்கானிக் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக ஊற்றும்போது 0 முதல் 5 வரை காட்ட வேண்டும். மாதம் ஒருமுறை பாருங்கள், 30ஐத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். ஒரே வாரத்தில் 5இலிருந்து 40க்குத் தாவினால் வழியில் ஏதோ உலோகம் கரைகிறது. பித்தளை நிப்பிள் (குழாய் செருகும் முனை), அலுமினிய ரேடியேட்டர், துருப்பிடிக்கும் கிளிப் ஆகியவற்றைத் தேடுங்கள். அயனி இல்லாத தண்ணீர் பசியோடு இருக்கும், கிடைத்த உலோகத்தையெல்லாம் கரைக்கும். வழி முழுவதும் பிளாஸ்டிக், சிலிக்கான், ஸ்டெயின்லெஸ் மட்டும் இருக்கட்டும்.

கார் கூலன்ட் ஊற்றாதீர்கள். அது தண்ணீர் உறையாமலும் இன்ஜின் உலோகம் அரிக்காமலும் இருக்க ஊற்றுவது. சென்னையில் உறையப் போவதில்லை, மின்கடத்தல் மட்டும்தான் மிஞ்சும். பாசிக்கு மருந்தைவிட இருட்டு நல்லது. கறுப்பு அல்லது அடர்நீல டப்பா, இறுக்கமான மூடி, வெயில் படாத மூலை. ஒளி புகும் குழாயாக இருந்தால் கறுப்பு டேப் சுற்றுங்கள். ப்ளீச்சிங் பவுடர், ஃபினாயில் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

பம்பும் குழாயும்

40 வாட் ட்யூபுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர், 80 வாட்டுக்கு 3 முதல் 4. நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கும், அது சரியான அளவு. பம்ப் அட்டையில் போட்டிருக்கும் ‘மணிக்கு 1,000 லிட்டர்’ என்பது உயரமே இல்லாமல் கொட்டும்போது. ஒரு மீட்டர் மேலே ஏற்றி, மெல்லிய நிப்பிள் வழியாகத் தள்ளும்போது அதில் கால் பங்குகூட வராமல் போகலாம். எனவே அட்டையை நம்பாமல் அளந்து பாருங்கள். திரும்பி வரும் குழாயை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடியுங்கள், 30 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 2 லிட்டர்.

இரண்டு மீட்டர் வரை தூக்கும், மணிக்கு 1,000 முதல் 1,200 லிட்டர் போட்ட மீன் தொட்டி பம்ப் இதற்குப் பொருத்தம். கொளத்தூர் மீன் கடைகளில் பம்பும் சிலிக்கான் குழாயும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஏர் கூலர் பம்ப் மலிவு, ஆனால் உறை விரிசல் விட்டால் 230 வோல்ட் தண்ணீருக்குள் வந்துவிடும். ஆர்ஓ பூஸ்டர் பம்ப் எதிர்ப்பக்கத் தவறு: ஓட்டம் குறைவு, அழுத்தம் அதிகம், அடைப்பு வந்தால் கண்ணாடி உறையே வெடிக்கும். எந்தப் பம்பாக இருந்தாலும் லைனில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கட்டும். டப்பாவுக்குள் ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பியை விட்டு அதையும் மெஷின் உடம்பையும் ஒரே எர்த்தில் இணையுங்கள்.

ட்யூபின் கண்ணாடி நிப்பிள்தான் எல்லாவற்றிலும் மென்மையான இடம். குழாய் முனையைக் கொதித்த தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து இளக்கி, திருகாமல் நேராகச் செருகுங்கள். திருகு வைத்த இரும்புக் கிளிப் போட்டு இறுக்காதீர்கள், ஒரு பிளாஸ்டிக் டை போதும். கழற்றும்போது இழுக்காதீர்கள். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுத்துவிட்டு, குழாயில் இரண்டு அங்குலம் போனால் போகட்டும் என்று விடுங்கள்.

ட்யூபைப் பொருத்தும்போது, வெளியேறும் நிப்பிள் நேர் மேலே பார்க்கும்படி சுழற்றி வையுங்கள். தண்ணீர் கீழே நுழைந்து மேலே வெளியேறினால் காற்று தானே போய்விடும். எந்த முனையில் நுழைய வேண்டும் என்பதை ட்யூபோடு வரும் படம் சொல்லும், அதையே பின்பற்றுங்கள்.

முதல்முறை நிரப்பும்போது காற்றுக் குமிழி கட்டாயம் நிற்கும், பெரும்பாலும் முன்முனைக் கண்ணாடியை ஒட்டி. குமிழி இருக்கும் இடத்தில் தண்ணீர் தொடாததால் கண்ணாடி அங்கே மட்டும் சூடாகி விரியும், பக்கத்தில் குளிர்ந்திருக்கும், விரிசல் விழும். ட்யூப் வெடித்துவிட்டது என்று வரும் புகார்களில் குமிழியைத்தான் முதலில் தேட வேண்டும். பம்ப் ஓடும்போது திரும்பும் குழாயை விரலால் இரண்டு வினாடி நசுக்கி விடுங்கள், பத்துப் பன்னிரண்டு முறை. போகவில்லை என்றால் மெஷினின் ஒரு பக்கத்தை நான்கு அங்குலம் தூக்கி, கீழே ஒரு செங்கல் வைத்து மறுபடி நசுக்குங்கள். டார்ச் அடித்து ட்யூப் முழுவதும் பாருங்கள். திரும்பும் குழாயின் முனை எப்போதும் தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். மேலேயிருந்து கொட்டினால் நுரை கிளம்பி, பம்ப் அதையே உறிஞ்சும். பம்ப் நிற்கும்போது காற்று மேலே ஏறி ட்யூப் காலியாகவும் செய்யும்.

உயர் மின்னழுத்த ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்து, தண்ணீரை இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். பேப்பர் உலர்ந்திருந்தால் மட்டும் அடுத்த வேலை.

எதை வைத்துக் குளிர்விப்பது

மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஃப்ரீசர் பாட்டில் போதும். ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவு நிரப்பி உறைய வையுங்கள், முழுக்க நிரப்பினால் வெடிக்கும். ஒரு கிலோ ஐஸ் உருகி 26 டிகிரிக்கு வரும்போது சுமார் 440 கிலோஜூல் இழுக்கும். 40 வாட் ட்யூப் தொடர்ந்து எரிந்தால் ஒரு மணிக்கு 1,080 கிலோஜூல், ஆக மணிக்கு இரண்டரை கிலோ ஐஸ், பாட்டில் கணக்கில் மூன்றுக்கு மேல். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடாதீர்கள். பாட்டிலைத் தண்ணீர் திரும்பும் பக்கமும், பம்பை எதிர்ப்பக்கமும் வையுங்கள். பக்கத்தில் இருந்தால் பம்ப் 15 டிகிரித் தண்ணீரை உறிஞ்சி ட்யூபை வியர்க்க வைத்துவிடும். காசிமேட்டு ஐஸ் பார் மலிவாகக் கிடைக்கிறதே என்று உடைத்து நேராகப் போடக் கூடாது, அதிலுள்ள உப்பும் அழுக்கும் மொத்தத் தண்ணீரையும் கெடுத்துவிடும். கனமான பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடலாம்.

அடிக்கடி ஓட்டுகிறவருக்கு, வீட்டிலேயே செய்யக்கூடியதில் சிறந்தது பழைய ஸ்டெயின்லெஸ் வாட்டர் கூலர். பள்ளிக்கூடத்திலும் கம்பெனி கேன்டீனிலும் நிற்குமே, அதுதான். ‘மணிக்கு 20 லிட்டர், கொள்ளளவு 40 லிட்டர்’ என்று போட்டது, 35 டிகிரித் தண்ணீரை 10 டிகிரிக்கு மணிக்கு 20 லிட்டர் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 580 வாட். 40 வாட் ட்யூபுக்கு இரட்டிப்பு. ஸ்டெயின்லெஸ் தொட்டிக்கு வெளியே செம்புக் காயில் சுற்றி, மேலே ஃபோம் போட்டிருப்பதால், நம் தண்ணீர் ஸ்டெயின்லெஸை மட்டும்தான் தொடும். கேஸ் லைனைத் தொடவே தேவையில்லை. பழைய விண்டோ ஏசியின் காயிலை வளைத்து டப்பாவுக்குள் முக்கும் முறையும் பலர் செய்வதுதான். ஆனால் வளைக்கும்போது செம்புக்குழாய் விரிசல் விட்டால் கேஸ் போய்விடும், அலுமினியத் தகடுகளும் தண்ணீரில் கரையும். எங்கள் தேர்வு வாட்டர் கூலர்தான்.

வாங்கும்போது கம்ப்ரஸர் ஓடுகிறதா, அரை மணியில் தொட்டி குளிர்கிறதா என்று பாருங்கள். மிதவை வால்வைக் கழற்றி அந்த ஓட்டையை அடையுங்கள். பித்தளைக் குழாய்களை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் அல்லது பிளாஸ்டிக் நிப்பிள் போடுங்கள். உள்ளே சிட்ரிக் ஆசிட் கரைசலால் உப்புப் படிவைக் கழுவி, டிஸ்டில்ட் வாட்டரால் இரண்டு முறை அலசிக் கொட்டிவிட்டு, பிறகு நிரப்புங்கள்.

அதன் சொந்தத் தெர்மோஸ்டாட் தண்ணீரைக் குடிக்கும் குளிர்ச்சிக்குக் கொண்டுபோய்விடும், நமக்கு அது ஆபத்து. அதை ஒதுக்கிவிட்டு எஸ்டிசி-1000 டிஜிட்டல் கன்ட்ரோலர் போடுங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும். எஃப்1 என்பது வேண்டிய வெப்பநிலை, 26 வையுங்கள். எஃப்2 என்பது இடைவெளி, 1.0 வைத்தால் 27இல் கம்ப்ரஸர் கிளம்பி 26இல் நிற்கும். எஃப்3 என்பது கம்ப்ரஸர் ஓய்வு நேரம், 5 நிமிடம். உள்ளே அழுத்தம் சமமாகும் முன் கிளப்பினால் கம்ப்ரஸர் மூச்சுத் திணறி வைண்டிங் எரியும். 40 லிட்டர் தண்ணீர் இருப்பதால் 300 வாட்டில் ஒரு டிகிரி ஏற ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும், இறங்கப் பத்து நிமிடம். ஆகவே அது அடிக்கடி கிளம்பி நிற்காது. கன்ட்ரோலரின் ரிலே கம்ப்ரஸரின் கிளம்பு கரண்டை நெடுநாள் தாங்காது, நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) வையுங்கள். நொறுக்கிய ஐஸ் சேற்றில் சென்சாரை முக்கி 0 காட்டுகிறதா என்று பார்த்து, வித்தியாசத்தை எஃப்4இல் திருத்துங்கள்.

கடையில் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. சிடபிள்யூ-3000 என்று விற்பது சில்லர் அல்ல, ரேடியேட்டரும் ஃபேனும். ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 50 வாட் வெளியேற்றும். 300 வாட்டுக்குத் தண்ணீர் அறையைவிட 6 டிகிரி மேலேதான் நிற்கும். அறை 33 என்றால் தண்ணீர் 39. இந்த ஊருக்கு அது ஆகாது. கம்ப்ரஸர் வைத்த சிடபிள்யூ-5000, 5200 இரண்டும் சரி. ஆனால் அவற்றில் அறை வெப்பநிலையைப் பின்தொடரும் தானியங்கி முறை ஒன்று உண்டு, அறையைவிட ஓரிரு டிகிரி கீழேதான் தண்ணீரை வைக்கும். மே மாதம் அறை 36 என்றால் தண்ணீர் 34இல் நிற்கும். நிலையான வெப்பநிலை முறைக்கு மாற்றி, டம்ளர் சொன்ன எண்ணை நீங்களே வையுங்கள்.

மண்பானைத் தத்துவத்தில் ஆவியாக்கிக் குளிர்விப்பது கடலோர ஈரத்தில் பெரும்பாலும் 27க்குக் கீழே இறங்காது. மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடுகள் 300 வாட்டுக்குப் பத்துக்கு மேல் வேண்டும், அவை தின்னும் மின்சாரத்துக்கு ஒரு கம்ப்ரஸரே ஓட்டிவிடலாம்.

தண்ணீர் நின்றால் லேசர் நிற்க வேண்டும்

இது விருப்பப்பட்டால் செய்யும் வேலை இல்லை. தண்ணீர் ஓடாமல் ஒரு நிமிடம் எரிந்தாலே ட்யூப் போய்விடலாம். லேசர் பவர் சப்ளையில் பி, ஜி என்று இரண்டு முனைகள் இருக்கும், சிலவற்றில் டபிள்யூபி என்று எழுதியிருக்கும். இரண்டும் இணைந்திருந்தால்தான் லேசர் எரியும். பலர் அதில் ஒரு துண்டு ஒயரைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அந்த ஒயரை எடுத்துவிட்டு, தண்ணீர் ஓட்டம் நின்றால் திறக்கும் ஃப்ளோ ஸ்விட்ச், வெப்பநிலை ரிலே, மூடி ஸ்விட்ச் மூன்றையும் வரிசையாக இணையுங்கள். வெப்பநிலை ரிலே 30இல் திறக்கட்டும்.

ஃப்ளோ ஸ்விட்ச் ட்யூபுக்கு அடுத்து, திரும்பும் வழியில் இருக்க வேண்டும். அழுத்தத்தைப் பார்க்கும் ஸ்விட்சை நம்பாதீர்கள்: ட்யூபுக்கு அப்புறம் குழாய் மடங்கிவிட்டால் அழுத்தம் ஏறும், ஓட்டம் பூஜ்யம், ஸ்விட்ச் எல்லாம் சரி என்றே சொல்லும். காந்தத் தட்டு வைத்த ஃப்ளோ ஸ்விட்சை அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி செங்குத்தாகப் பொருத்துங்கள், ஓட்டம் நின்றால் தட்டு தன் எடையிலேயே கீழே விழும். ஆர்டுயினோ தெரிந்தவர்கள் ஒய்எஃப்-எஸ்201 சென்சார் வைக்கலாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு வினாடிக்கு 7.5 துடிப்பு வரும், 2 லிட்டருக்கு 15. பத்துக்குக் கீழே போனால் ரிலேவைத் திறக்கச் சொல்லுங்கள்.

பொருத்தியதும் சோதியுங்கள். குறைந்த பவரில் லேசர் எரியும்போது திரும்பும் குழாயை நசுக்குங்கள். இரண்டு வினாடிக்குள் நிற்க வேண்டும். இதை மாதம் ஒருமுறை செய்யுங்கள்.

கரண்ட் போய் வந்து, தண்ணீர் இல்லாமல் ட்யூப் எரிந்துவிட்டது என்று தெரிந்தால் பதற்றத்தில் பம்பைப் போடாதீர்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அப்போதே விரிசல் விடும். எல்லாவற்றையும் அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டு, அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரை ஓட்டுங்கள்.

தினசரி வரிசை

ஏசி அறையாக இருந்தால் முதலில் ஏசி, அரை மணி நேரம் உலரட்டும். பிறகு பம்ப், குமிழி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது, அதன்பின் சில்லர். தண்ணீர் வைத்த எண்ணுக்கு வந்ததும் ட்யூபின் முன்முனையை விரலால் தொடாமல் பக்கவாட்டில் டார்ச் அடித்து மங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். தெளிவாக இருந்தால் லேசர் பவர்.

முடிக்கும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். லேசர் பவரை அணைத்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அணைத்து, ஏசியையும் நிறுத்தி, ஜன்னலைத் திறப்பார்கள். 19 டிகிரியில் நிற்கும் ட்யூப் மேல் கடற்காற்று வந்து படியும். இரவு முழுக்க ஈரத்தில் கிடந்த மெஷின் மறுநாள் காலை முதல் சுடுதலிலேயே பொறி அடிக்கும். லேசரை அணைத்ததும் சில்லரை மட்டும் நிறுத்துங்கள். பம்ப் ஓடட்டும், ஏசியும் ஓடட்டும். தண்ணீர் 26ஐத் தாண்டிய பிறகு பம்ப், கடைசியாக ஏசி. சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் அறைச் சூட்டில் இருக்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஐந்து லிட்டர் சேர்க்கலாம்.

சில்லரை அந்த அறைக்கு வெளியே, வராந்தாவில் வைப்பது நல்லது. உள்ளே இருந்தால் அது துப்பும் சூட்டையும் ஏசியே இழுக்க வேண்டிவரும். வெளியே போகும் குழாய்க்கு ஏசி மெக்கானிக் பயன்படுத்தும் கறுப்பு நைட்ரைல் உறை போடுங்கள். உறை இல்லாவிட்டால் குழாய் வியர்த்துச் சொட்டும், சொட்டுவது எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஆபத்து. அத்திப்பட்டு, எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் கண்டென்சர் தகடுகளை மாதம் ஒருமுறை மென்மையான பிரஷால் சுத்தம் செய்யுங்கள். சாம்பலும் கடல் உப்பும் சேர்ந்து அடைத்தால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், தண்ணீர் மட்டும் குளிராது. சில்லரையும் பம்ப் டப்பாவையும் தரையில் வைக்காதீர்கள், இரண்டடி உயர ஸ்டாண்டு அடித்து வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளம் எத்தனை வீடுகளுக்குள் எவ்வளவு உயரம் ஏறியது என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும்.

பின்முனை ஒயர் இணைப்பைத் தொட நேர்ந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எர்த்தில் கட்டிய கம்பியை ஒரு காய்ந்த பிளாஸ்டிக் கோலின் முனையில் வைத்து இணைப்பைத் தொட்டு, தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அணைத்த பிறகும் அது உயிரோடு இருக்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் தண்ணீரை முழுக்க இறக்கி, டப்பாவைக் கவிழ்த்து உலர வையுங்கள். தேங்கிய தண்ணீரில் வழவழப்பு படிந்தால் ட்யூபுக்குள் கையோ பிரஷோ போகாது. மறுபடி நிரப்பும்போது செங்கலை எடுத்து வந்து குமிழி வேலையை முதலிலிருந்து செய்யுங்கள்.